லுக்கீமியா கட்டியா வந்து நின்னா: மைலாய்டு சார்கோமாவ ஸ்லைடுல பிடிக்கிறது எப்படி

சாயந்திரம் நாலு மணிக்கு ஒரு ஸ்லைடு வரும். ரிக்வெஸ்ட் ஃபார்ம்ல "கழுத்துல கட்டி, லிம்போமாவா?"ன்னு ஒரே வரிதான் இருக்கும். மைக்ராஸ்கோப்ல வெச்சா ஒரே மாதிரி செல்லுங்க பாய் விரிச்ச மாதிரி கெடக்கும், நடுத்தர சைஸ், மெல்லிசு குரோமாட்டின், சைட்டோபிளாசம் கொஞ்சமா, மைட்டோசிஸ் ஏராளம். நீங்களும் லிம்போமா பேனல் (செல்லோட அடையாள புரோட்டீன், அதாவது மார்க்கர, தேடற ஸ்டெயின்ங்க) போட்டுட்டு அடுத்த நாள் வந்து பாக்குறீங்க, பி செல்லுக்கான சிடி20 இல்ல, டி செல்லுக்கான சிடி3 இல்ல, கார்சினோமாவுக்கான கெராட்டின் இல்ல, மெலனோமாவுக்கான எஸ்100 இல்ல, வெள்ளையணுக்களோட பொது மார்க்கர் எல்சிஏ மட்டும் ஏனோதானோன்னு பிடிச்சிருக்கு. இந்த இடத்துல நெறைய பேர் "பூர்லி டிஃபரன்ஷியேட்டட் மாலிக்னன்ட் டியூமர்"னு எழுதிட்டு எழுந்து போயிடுவாங்க, இல்லன்னா "லிம்போமாவா இருக்கலாம்"னு ஒரு வரி தட்டிவிடுவாங்க. இந்த கைடு அந்த இடத்துல உக்காந்திருக்கறவங்களுக்குத்தான், முக்கியமா பேத்தாலஜி பிஜி பசங்களுக்கு, அப்புறம் பயாப்ஸி எடுக்குற சர்ஜன்களும் பாதி வர படிச்சா புண்ணியமா போகும்.

விஷயம் இதுதான். ஏஎம்எல்லோட (அக்யூட் மைலாய்டு லுக்கீமியா) பிளாஸ்ட் செல்லுங்க, அதாவது முதிராத இளசு ரத்த செல்லுங்க, எலும்பு மஜ்ஜைய விட்டு வெளிய வந்து ஒரு எடத்துல கூடி, அங்க இருக்கற திசுவோட அமைப்பையே அழிச்சுட்டு கட்டியா நின்னா அதுதான் மைலாய்டு சார்கோமா. சும்மா நாலு பிளாஸ்ட் தோல்லயோ கல்லீரல்லயோ ஊடுருவி இருந்தா அது இன்ஃபில்ட்ரேஷன், கட்டியா நின்னு இடத்த அழிச்சிருக்கணும், அப்பதான் இந்தப் பேரு. சார்கோமான்னு பேரு இருக்கே தவிர எலும்பு, தசைல வர்ற நிஜ சார்கோமாவுக்கும் இதுக்கும் சொந்தமே இல்ல. ரிப்போர்ட்ல அந்த வார்த்தையப் பாத்துட்டு பேஷண்ட் வீட்டுக்காரங்க கட்டிய வெட்டி எடுக்குற ஆர்த்தோ சர்ஜனத் தேடி ஊர் ஊரா அலையறத நானே பாத்திருக்கேன், அதனால ரிப்போர்ட்ல அடுத்த வரிலயே "இது அக்யூட் மைலாய்டு லுக்கீமியாவுக்குச் சமம்"னு எழுதிடுங்க.

பேர் கதை கொஞ்சம் சுவாரசியமானது. 1811ல ஆலன் பர்ன்ஸ்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர் பச்சை நிறத்துல ஒரு கட்டியப் பத்தி எழுதினாரு, 1853ல கிங்னு ஒருத்தர் அதுக்கு குளோரோமான்னு பேர் வெச்சாரு, பச்சைக்கான கிரேக்க வார்த்தையிலிருந்து. பச்சை எங்கேருந்து வருதுன்னா மைலோபெராக்சிடேஸ் என்சைம்தான், நம்ம எம்பிஓ, அதுக்கு 1940கள்ல வெர்டோபெராக்சிடேஸ்னே ஒரு பேர் இருந்துச்சு. காத்து பட்டா அந்தப் பச்சை மங்கிடும், அல்ட்ராவயலட் லைட்ல காமிச்சா செவப்பா மின்னும். ஆனா எல்லாக் கட்டியும் பச்சையா இருக்கறதில்ல, எம்பிஓ கம்மியா இருக்கறது சாம்பலாவோ வெள்ளையாவோதான் இருக்கும், அதனாலதான் 1966ல ராப்பபோர்ட் கிரானுலோசைட்டிக் சார்கோமான்னு மாத்தினாரு, அதுவும் மோனோசைட் வகைக்குப் பொருந்தாததால இப்ப மைலாய்டு சார்கோமா. வெட்டுன கட்டி பச்சையா இல்லையேன்னு இத விட்டுடாதீங்க, நான் இத்தனை வருஷத்துல கண்ணால பச்சைன்னு சத்தியம் பண்ணி சொல்ற மாதிரி ஒன்னே ஒன்னுதான் பாத்திருக்கேன்.

இது நாலு சூழ்நிலைல வரும். ஏஎம்எல் இருக்கும்போதே கூடவே கட்டியும் வரலாம், ஏஎம்எல் பேஷண்டுங்கள்ல சுமாரா 2.5 லேருந்து 9 சதவீதம் வரைக்கும் இப்படின்னு புத்தகங்கள்ல போட்டிருக்கும். ட்ரீட்மெண்ட் முடிஞ்சு நல்லா இருந்தவங்களுக்கு ரிலாப்ஸா வரலாம், முக்கியமா அலோஜெனிக் டிரான்ஸ்பிளான்ட் (வேற ஒருத்தரோட மஜ்ஜை ஏத்தறது) ஆனவங்களுக்கு, மஜ்ஜை சுத்தமா இருக்கும் ஆனா மார்லயோ முதுகுலயோ ஒரு கட்டி மொளைக்கும். எம்டிஎஸ், சிஎம்எல் (நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா), மைலோஃபைப்ரோசிஸ் மாதிரி ஏற்கனவே இருக்கற மஜ்ஜை வியாதி முத்தும்போது வரலாம், சிஎம்எல் பேஷண்டுக்கு இந்தக் கட்டி வந்தா மஜ்ஜைல என்ன கவுன்ட் இருந்தாலும் அது பிளாஸ்ட் ஃபேஸ்தான், அதாவது வியாதி முத்தின கட்டம். நாலாவதுதான் தலவலி: ரத்தமும் நார்மல், மஜ்ஜையும் நார்மல், கட்டி மட்டும். பத்து லட்சம் பேர்ல ரெண்டு பேருக்குன்னு சொல்ற அளவுக்கு அபூர்வம். இத விட்டுட்டா பெரும்பாலானவங்களுக்கு ஒரு வருஷத்துக்குள்ள முழு ஏஎம்எல் வந்துடும், நாம லிம்போமான்னு எழுதி தப்பான கீமோ ஓடிட்டு இருக்கும்போதே வந்துடும்.

சரி, எங்கேருந்து ஆரம்பிக்கறது? ஸ்லைடுலேருந்து இல்ல, பேஷண்ட்கிட்டேருந்து. ஃபார்ம்ல ஒன்னும் எழுதலன்னா வார்டுக்கு போன் போடுங்க, இல்ல நீங்களே நடந்து போயிடுங்க. முன்னாடி ரத்த வியாதி இருந்துச்சா, கீமோ ஏதாவது ஏறுச்சா, மஜ்ஜை டிரான்ஸ்பிளான்ட் ஆச்சா, ரொம்ப நாளா ரத்தம் கம்மின்னு மாத்திரை சாப்பிடறாங்களா, இதெல்லாம் கேளுங்க. பரிசோதனைல ஈறு வீங்கியிருக்கான்னு வாயத் தொறந்து பாருங்க, தோல்ல ஊதா நிற முடிச்சுங்க இருக்கான்னு பாருங்க, மோனோசைட் வகை ஏஎம்எல்லுக்கு தோலும் ஈறும் ரொம்பப் பிடிச்ச எடங்க. ஆம்பளைன்னா விதைப்பைய விட்டுடாதீங்க, கூச்சப்பட்டு அத யாரும் பாக்குறதில்ல. கட்டி எங்க வேணா வரலாம், தோல், எலும்பு, நிணநீர் முடிச்சு, குடல், மார்பு, சினைப்பை, மூளை உறைன்னு லிஸ்ட் நீளும், ஆனா ரெண்டு எடத்துக்கு மட்டும் மனசுல தனியா மணி அடிக்கணும்.

ஒன்னு கண்குழி. சின்னக் கொழந்தைக்கு சில வாரத்துல ஒரு கண்ணு, சில சமயம் ரெண்டு கண்ணும் வெளிய பிதுங்கி வந்தா எல்லாரும் ராப்டோமயோசார்கோமான்னுதான் மொதல்ல நெனைப்பாங்க, நியூரோபிளாஸ்டோமா பரவலாவும் இருக்கலாம், ஆனா துருக்கி, ஆப்பிரிக்கா, இந்தியான்னு இந்தப் பக்கமெல்லாம் கொழந்தைங்களுக்கு கண்குழில மைலாய்டு சார்கோமா வந்ததா பல ரிப்போர்ட் இருக்கு, 8, 21 குரோமோசோம் துண்டுங்க இடம் மாறுற 8;21 டிரான்ஸ்லொகேஷனோட அதுக்கு ஒரு தனி ஒட்டுறவு. இந்தக் கொழந்தைக்கு கத்திய எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பெரிஃபெரல் ஸ்மியர் (ரத்தத் துளிய ஸ்லைடுல தேச்சது) பாத்தா, பல சமயம் கண்ணுல கையே வைக்க வேண்டாம், ரத்தத்துலயே பிளாஸ்ட் கெடைச்சுடும். இன்னொன்னு தண்டுவடத்த ஒட்டின எபிடியூரல் கட்டி. முதுகு வலி, கால் மரத்துப்போறது, எம்ஆர்ஐல ஒரு மாஸ். நம்ம ஊர்ல அது டிபியாத்தான் இருக்கும்னு கண்ண மூடிட்டு சொல்லிடலாம், பெரும்பாலும் அது சரியாவும் இருக்கும், அதுதான் ஆபத்து. டிபி மாத்திரைய ஆரம்பிச்சு ரெண்டு மாசம் பாப்போம்னு விட்டா அதுக்குள்ள காலு போயிடும்.

அடுத்தது ரத்தம். சிபிசி மெஷின் குடுக்குற நம்பர மட்டும் நம்பாதீங்க, ஸ்மியர நீங்களே கண்ணால பாருங்க. நூறுல ரெண்டு பிளாஸ்ட் இருந்தா மெஷின் அத மோனோசைட் கூடையில போட்டுட்டு போயிடும். ஆயர் ராடு (மைலாய்டு பிளாஸ்டுக்குள்ள குச்சி மாதிரி தெரியறது) ஒன்னு கண்ணுல பட்டா அன்னைக்கு வேல முடிஞ்ச மாதிரி. கூடவே எல்டிஹெச், யூரிக் ஆசிட், பிடி, ஏபிடிடி, ஃபைப்ரினோஜன் பாத்துடுங்க, ஏபிஎம்எல்லா (புரோமைலோசைட் வகை ஏஎம்எல்) இருந்து ரத்தம் உறையற விஷயம் குலைஞ்சிருந்தா பயாப்ஸி ஊசி போட்ட எடத்துலயே பேஷண்ட் ரத்தம் கொட்டிடுவாரு. ஆனா ஸ்மியர் நார்மலா இருக்குன்னு இந்த டயக்னோசிஸ அடிச்சுப் போடக் கூடாது, தனியா வர்ற கட்டில ஸ்மியர் நார்மலாத்தான் இருக்கும்.

ஸ்கேன் பத்தி நீட்டி எழுத ஒன்னுமில்ல. எந்த ஸ்கேனும் இத இன்னதுன்னு சொல்லாது. மூளைல காண்ட்ராஸ்ட் போடாத சிடில கொஞ்சம் வெளுப்பா தெரியும், அதனால ரத்தக்கட்டுன்னோ மெனிஞ்சியோமான்னோ எழுதி அனுப்புவாங்க. தண்டுவடத்துக்கும் மூளைக்கும் எம்ஆர்ஐ, மத்த எடத்துல கட்டி இருக்கான்னு தேட பெட் சிடி. பெட்டோட நிஜ உபயோகம் என்னன்னா ஒரு கட்டியோட வந்தவருக்கு இன்னும் ரெண்டு எடத்துல ஒளிஞ்சிருக்கறது தெரியும், எத பயாப்ஸி எடுத்தா சுலபம்னும் தெரியும், ட்ரீட்மெண்ட் முடிஞ்சு கட்டி கரைஞ்சுதான்னு ஒப்பிட்டுப் பாக்கவும் ஆகும்.

இப்ப பயாப்ஸி. பாதி கேஸ் தப்பாப் போறது ஆபரேஷன் தியேட்டர்லதான், மைக்ராஸ்கோப்ல இல்ல. நம்ம பக்கம் கட்டின்னாலே மொதல்ல எஃப்என்ஏசி (மெல்லிசு ஊசியால செல்ல உறிஞ்சி எடுக்கறது) போட்டுடுவாங்க. போடட்டும், தப்பில்ல, ஆனா அத வெச்சு முடிவு பண்ணாதீங்க. எஃப்என்ஏசில கெடைக்கற நன்மை ஒன்னு இருக்கு, ஜீம்சா ஸ்டெயின்ல இந்தச் செல்லுங்க பாரஃபின் ஸ்லைடுல தெரியறத விட ரொம்ப அழகா தெரியும், மஜ்ஜை ஸ்மியர் பாத்துப் பழகின கண்ணுக்கு "அட, இது பிளாஸ்டு மாதிரி இருக்கே"ன்னு சட்டுன்னு தோணும். அப்படித் தோணினா இன்னும் ரெண்டு ஊசி போட்டு செல்லுங்கள ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (ஒவ்வொரு செல்லோட மார்க்கரையும் மெஷின்ல படிக்கறது) அனுப்பிடுங்க. ஆனா முழு டயக்னோசிஸுக்கு நல்ல தடிமனான கோர் பயாப்ஸியோ, முடிஞ்சா கட்டில ஒரு துண்டோ வேணும்.

அந்தத் துண்டு கைல வந்ததும் என்ன பண்றோங்கறதுதான் இந்த கைடுலயே முக்கியமான பாரா. சர்ஜன் முழுசையும் ஃபார்மலின் பாட்டில்ல போட்டு மூடிட்டா ஃப்ளோ சைட்டோமெட்ரி போச்சு, கேரியோடைப் (குரோமோசோம் பரிசோதனை) போச்சு. அதனால லிம்போமாவா, ரவுண்ட் செல் டியூமரான்னு சந்தேகம் இருக்கற எந்தக் கேஸா இருந்தாலும் தியேட்டருக்கு முன்கூட்டியே சொல்லி வெச்சு ஃப்ரெஷ்ஷா சலைன்ல வாங்குங்க, உடனே லேபுக்கு வரணும், மத்தியானம் எடுத்தத மறுநாள் காலைல அனுப்பினா வெறும் செத்த செல்லுதான் வரும். வந்ததும் மொதல்ல வெட்டுன முகத்த நாலஞ்சு கண்ணாடி ஸ்லைடுல லேசா ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க, ஒத்தணும். அந்த இம்பிரின்ட்ல ரெண்டு ஜீம்சாவுக்கு, ஒன்னு எம்பிஓ சைட்டோகெமிஸ்ட்ரிக்கு, மிச்சத்த ஸ்டெயின் பண்ணாம எடுத்து வையுங்க. அப்புறம் ஒரு சின்னத் துண்டு ஆர்பிஎம்ஐல ஃப்ளோவுக்கும் கேரியோடைப்புக்கும், முடிஞ்சா ஒரு துண்டு ஃப்ரீசர்ல, பாக்கிய ஃபார்மலின்ல. துண்டு ரொம்பச் சின்னதா இருந்து ஒன்னுதான் பண்ண முடியும்னா இம்பிரின்ட் எடுத்துட்டு ஃபார்மலின்ல போடுங்க, இப்பல்லாம் பாரஃபின் பிளாக்லயே ஐஹெச்சி (ஆன்டிபாடி வெச்சு மார்க்கர் பாக்கறது), ஃபிஷ் (குரோமோசோம் மாற்றத்த ஒளிரவெச்சுப் பாக்கறது), என்ஜிஎஸ் (ஜீன் மியூட்டேஷன் படிக்கறது) மூணும் பண்ணிடலாம்.

எலும்புலேருந்து எடுத்த துண்டுன்னா டீகால் பண்றதுல (கால்சியத்த கரைக்கறதுல) உஷாரா இருங்க. அவசரத்துக்கு ஸ்ட்ராங் ஆசிட்ல போட்டா டிஎன்ஏ சிதைஞ்சுடும், பின்னாடி சொல்லப்போற லீடர் ஸ்டெயினும் ஏறாது, சில ஆன்டிபாடியும் சரியா பிடிக்காது. இடிடிஏல போடுங்க, ரெண்டு நாள் கூட ஆகும், ஆகட்டும். டெக்னீஷியன் அண்ணன்கிட்ட அன்னைக்கே நேர்ல சொல்லிடுங்க, ஃபார்ம்ல எழுதினா யாரும் படிக்கறதில்ல. இன்னொன்னு, பயாப்ஸி எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்டீராய்டு ஆரம்பிக்க வேண்டாம்னு கிளினிஷியன்கிட்ட கேட்டுக்கோங்க, லிஸ்ட்ல லிம்போமாவும் இருக்கற வரைக்கும் ஸ்டீராய்டு போட்டா ஸ்லைடுல படிக்கவே ஒன்னும் மிஞ்சாம போகலாம். தண்டுவடம் நசுங்குதுன்னா அது வேற கதை, அங்க அவசரம் அவங்களோடது.

ஹெச் அண்ட் ஈ ஸ்லைடுல (வழக்கமான ஊதா, பிங்க் ஸ்டெயின்) என்ன தேடணும்? பிளாஸ்டோட நியூக்ளியஸ் வட்டமாவோ, மோனோசைட் வகைன்னா மடிஞ்சு கிட்னி ஷேப்புலயோ இருக்கும், குரோமாட்டின் பொடி தூவின மாதிரி மெல்லிசா, சின்ன நியூக்ளியோலஸ். லிம்போமால இருக்கற அழுத்தமான குரோமாட்டின் மாதிரி இருக்காது, ஆனா பாரஃபின்ல இந்த வித்தியாசத்த வெச்சு பந்தயம் கட்டாதீங்க. தேட வேண்டியது நடுவுல அங்கங்க செதறிக் கெடக்குற இஓசினோஃபிலிக் மைலோசைட்ட, அதாவது ஒரே வட்ட நியூக்ளியஸோட பிங்க் துகள் நெறைஞ்ச இளசு செல்ல. நல்லா முதிர்ந்த ரெண்டு லோப் இஓசினோஃபில் எந்தக் கட்டிலயும் வரும், அது கணக்குல வராது, இளசு இருக்கணும். இது கெடைச்சா உங்க கைல பாதி பதில் இருக்கு, ஆனா பிளாஸ்ட் மட்டுமே இருக்கற கட்டிகள்ல இது இருக்காது. மார்ல வரும்போது செல்லுங்க வரிசையா எறும்பு மாதிரி போகும், லோபுலார் கார்சினோமான்னு அச்சு அசலா தோணும். கொழுப்பு, தசை நாரு நடுவுல ஊடுருவி போறதும் உண்டு.

ஐஹெச்சி வசதி இல்லாத சின்ன லேப்னா குளோரோஅசிட்டேட் எஸ்டரேஸ், அதான் லீடர் ஸ்டெயின், பாரஃபின்லயே போடலாம், கிரானுலோசைட் பக்கம் முதிர்ச்சி இருந்தா செவப்பா ஏறும். ஏறலன்னா ஒன்னும் சொல்ல முடியாது, ரொம்ப இளசு பிளாஸ்ட்லயும் மோனோசைட்லயும் ஏறாது.

இப்ப ஐஹெச்சி. ஸ்லைட பாத்ததும் ரவுண்ட் செல்லா தோணினா மொத ரவுண்டுலயே எம்பிஓவ சேருங்க, ரெண்டாவது ரவுண்டுக்கு வெச்சுக்கலாம்னு விடாதீங்க. இந்த வியாதி கண்டுபிடிக்கக் கஷ்டமானது இல்ல, யாரும் அந்தக் கேள்விய கேக்கறதில்ல அவ்ளோதான். மார்க்கர் வசதி பரவலா இல்லாத காலத்து சீரிஸ்கள்ல கிட்டத்தட்ட பாதிக் கேஸ் மொதல்ல தப்பா போனதா இருக்கு, பெரும்பாலும் லிம்போமான்னு. என்னோட பேனல் எம்பிஓ, லைசோசைம், சிடி68, சிடி117, சிடி34, சிடி43, சிடி33, கூடவே டிடிடி (பொதுவா லிம்போபிளாஸ்டுக்குப் பாக்கற மார்க்கர்), சிடி3, சிடி20, பேக்ஸ்5, சிடி56. காசு இல்லாத பேஷண்ட்னா எம்பிஓ, சிடி117, சிடி43, லைசோசைம் நாலோட ஆரம்பிங்க.

2007ல இத்தாலியோட பொலோன்யா குழு 92 பெரியவங்க கேஸ வெச்சு ஒரு பேப்பர் போட்டாங்க, அதுல சிடி68 கேபி1 எல்லாக் கேஸ்லயும் பாசிட்டிவ், எம்பிஓ சுமாரா 84 சதவீதம், சிடி117 80, ஆனா சிடி34 வெறும் 43, டிடிடி முப்பதுக்குக் கொஞ்சம் மேல. இந்த நம்பர வெச்சே ரெண்டு பாடம் படிக்கலாம். சிடி34 நெகட்டிவ்னு பிளாஸ்ட் இல்லன்னு முடிவு பண்ணக் கூடாது. டிடிடி பாசிட்டிவ்னு லிம்போபிளாஸ்டிக்னு முடிவு பண்ணவும் கூடாது. எம்பிஓ நெகட்டிவா வர்ற மிச்ச 16 சதவீதம் பெரும்பாலும் மோனோசைட் பக்கம், அங்க லைசோசைம், சிடி68 பிஜிஎம்1, சிடி163, சிடி14ன்னு போகணும். லைசோசைம்க்கும் கேபி1க்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, ரியாக்டிவ் மேக்ரோஃபேஜ்ல எல்லாம் பிடிக்கும், அதனால ஸ்லைடு கருப்பா இருக்குன்னு சந்தோஷப்படாம டியூமர் செல்லுல பிடிச்சிருக்கான்னு நாற்பது எக்ஸ்ல போய் பாருங்க. எம்பிஓவும் அப்படித்தான், கட்டி அழுகிப்போன எடத்துல நியூட்ரோஃபில் குமிஞ்சு இருந்தா அதப் பாத்து பாசிட்டிவ்னு எழுதினவங்க இருக்காங்க.

சிடி43 பத்தி தனியா ஒரு வார்த்தை. இத டி செல் மார்க்கர்னு சொல்லிக் குடுத்து வெச்சிருக்காங்க, அதனால சிடி43 பாசிட்டிவ் வந்ததும் டி செல் லிம்போமான்னு எழுதிடுவாங்க. சிடி43 இருக்கு, சிடி3 இல்ல, சிடி20 இல்லன்னா மொதல்ல மைலாய்டு பக்கம் பாருங்க. அதே மாதிரி 8;21 இருக்கற கட்டிங்க பி செல் வேஷம் போடும், பேக்ஸ்5, சிடி19, சிடி79ஏ லேசா ஏறும், பேக்ஸ்5 மட்டும் பாத்துட்டு பி லிம்போபிளாஸ்டிக்னு போயிட்டா கொழந்தைக்கு ஏஎல்எல் (லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா) ட்ரீட்மெண்ட் ஓடும். எம்பிஓ போட்டிருந்தா அங்கேயே நின்னிருக்கும்.

நான் ரெண்டாவது வருஷம் பிஜி படிக்கும்போது பண்ண கூத்து ஒன்ன சொல்றேன். டீன் ஏஜ் பையன், முதுகு வலி, காலு தளர்ந்து போச்சு, வெளிய எங்கயோ டிபி மாத்திரை ஒரு மாசம் சாப்பிட்டு வந்திருக்கான், அவசரமா லாமினெக்டமி பண்ணி எபிடியூரல்லேருந்து எடுத்த துண்டு முழுசும் ஃபார்மலின்ல வந்துச்சு. ரவுண்ட் செல். எல்சிஏ ரொம்ப மங்கல், நான் நெகட்டிவ்னு படிச்சேன். சிடி99 மெம்பிரேன் முழுக்க பளிச்சுன்னு, எஃப்எல்ஐ1 நியூக்ளியஸ்ல பளிச்சுன்னு. ரெண்டும் ஈவிங்ஸ் சார்கோமாவுக்குப் பாக்கற மார்க்கர், எனக்கு சந்தோஷம் தாங்கல, ஈவிங்ஸ்னு ரிப்போர்ட் டைப் பண்ணி மேடம் டேபிள்ல வெச்சுட்டு டீ குடிக்க போயிட்டேன். திரும்பி வந்தா மேடம் கைல பேனாவ வெச்சுட்டு ஸ்லைடுல ஒரு செல்ல காமிச்சு "இது என்னப்பா"ன்னு கேட்டாங்க. இஓசினோஃபிலிக் மைலோசைட். அது பக்கத்துல இன்னொன்னு, அதுக்குப் பக்கத்துல இன்னொன்னு, நான் ரெண்டு நாளா பாத்துட்டு இருந்த அதே ஸ்லைடுல. எம்பிஓ போட்டோம், மொத்தமும் பழுப்பா, அதாவது பாசிட்டிவா, வந்துச்சு. சிடி99ம் எஃப்எல்ஐ1ம் மைலாய்டு பிளாஸ்ட்ல தாராளமா வரும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும், ஈஆர்ஜியும் அப்படித்தான். மஜ்ஜைல அப்ப பிளாஸ்ட் ஏறவே இல்ல.

கொழப்புற மத்த ஆளுங்கள்ல முக்கியமானது பிளாஸ்டிக் பிளாஸ்மாசைட்டாய்டு டென்ட்ரிடிக் செல் நியோப்ளாசம், பேரே மூச்சு முட்டும், பிபிடிசிஎன்னு சொல்லுவோம். தோல்ல ஊதா கட்டி, சிடி4, சிடி56 ரெண்டும் பாசிட்டிவ், எம்பிஓ நெகட்டிவ். மோனோசைட் வகை மைலாய்டு சார்கோமாவும் சிடி4, சிடி56 காட்டும், அதனால சிடி123, டிசிஎஃப்4, டிசிஎல்1, சிடி303 சேத்துப் பாத்து, லைசோசைம் இல்லன்னு உறுதி பண்ணிட்டுதான் பிபிடிசிஎன் எழுதணும். அடுத்தது மஜ்ஜைக்கு வெளிய நடக்குற சாதாரண ரத்த உற்பத்தி: தாலசீமியா பேஷண்டுக்கு முதுகெலும்ப ஒட்டி ரெண்டு பக்கமும் கட்டி வரும், மைலோஃபைப்ரோசிஸ்லயும் வரும், அதுல மெகாகேரியோசைட், சிவப்பணு இளசுங்க எல்லாம் கலந்து இருக்கும், பிளாஸ்ட் பாய் விரிக்காது. கிரானுலோசைட் ஏத்துற ஊசி போட்டவங்கள்லயும் இளசு செல்லுங்க திசுல தெரியும், அதையும் கேட்டுக்கோங்க. எம்பிஓவும் சிடி3யும் ரெண்டுமே ஒரே செல்லுல பிடிச்சா அது ரெண்டு வகை லுக்கீமியாவோட குணமும் கலந்த மிக்ஸட் ஃபீனோடைப் கதை, நீங்க தனியா முடிவு பண்ணாம ஹீமட்டாலஜி ஆளக் கூப்பிடுங்க. ரத்தத்துல இஓசினோஃபில் ஏறியிருந்தா பிடிஜிஎஃப்ஆர்ஏ, எஃப்ஜிஎஃப்ஆர்1 ஃபிஷ் கேளுங்க, பிடிஜிஎஃப்ஆர்ஏ இருந்தா இமாட்டினிப் மாத்திரைக்கே அடங்கலாம், அத கோட்டை விட்டா பாவம்.

மைலாய்டுதான்னு உறுதியானதும் ஜெனெட்டிக்ஸ். பிளாக்லேருந்தே ஃபிஷ்ல 8;21, இன்வர்ஷன் 16, கேஎம்டி2ஏ பாக்கலாம், குடல், வயித்துப் பக்கம் வர்றதுல இன்வர்ஷன் 16 அடிக்கடி தென்படும். முன்னாடியே சிஎம்எல் இருக்கோ இல்லையோ சிஎம்எல்லோட ஜீன் இணைப்பான பிசிஆர்-ஏபிஎல்ல (BCR-ABL) விட்டுடாதீங்க, ஸ்லைடுல ஏபிஎம்எல் வாசனை அடிச்சா அதோட ஜீன் இணைப்பான பிஎம்எல்-ராரா டெஸ்ட்ட அன்னைக்கே அனுப்புங்க. என்பிஎம்1க்கு ஒரு மலிவான வழி இருக்கு, ஐஹெச்சில என்பிஎம் புரோட்டீன் நியூக்ளியஸ விட்டு சைட்டோபிளாசத்துக்கு வந்திருந்தா மியூட்டேஷன் இருக்குன்னு அர்த்தம், சிடி34 நெகட்டிவா இருக்கற கேஸ்ல இத போட்டுப் பாருங்க. எஃப்எல்டி3, ஐடிஹெச், கிட் எல்லாம் என்ஜிஎஸ் பேனல்ல வந்துடும். கட்டிலயும் மஜ்ஜைலயும் ஒரே மியூட்டேஷன்தான் இருக்கும்னு கட்டாயமில்ல, காசு இருந்தா ரெண்டுலயும் பாக்கணும்.

மஜ்ஜை கண்டிப்பா எடுக்கணும், ஆஸ்பிரேட்டும் (உறிஞ்சி எடுத்தது) டிரெஃபைனும் (எலும்போட எடுத்த துண்டு), கூடவே ஃப்ளோ, கேரியோடைப். சாதாரணமா பாத்தா சுத்தமா இருக்கற மஜ்ஜைல ஃப்ளோ கொஞ்சமா அப்நார்மல் பிளாஸ்ட பிடிச்சுக் குடுக்கும். இங்க ஒரு பெரிய கொழப்பம் நடக்கும்: "மஜ்ஜைல பிளாஸ்ட் 20 சதவீதம் இல்லையே, அப்புறம் எப்படி ஏஎம்எல்"னு கேப்பாங்க. அந்த 20 கணக்கு மஜ்ஜைக்கும் ரத்தத்துக்கும்தான். திசுல மைலாய்டு சார்கோமான்னு நிரூபிச்சாச்சுன்னா மஜ்ஜைல பூஜ்யம் இருந்தாலும் ஏஎம்எல்தான், ட்ரீட்மெண்டும் ஏஎம்எல் கீமோதான். வெட்டி எடுத்தாச்சு, ரேடியேஷன் குடுத்தாச்சு, வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பக் கூடாது. கண்குழி, மூளை, தண்டுவடம் பக்கம் கட்டி இருந்தா, இல்ல மோனோசைட் வகையா இருந்தா, முதுகுத் தண்டு நீரையும் எடுத்து சைட்டாலஜியும் ஃப்ளோவும் பாக்கச் சொல்லுங்க.

ரிப்போர்ட்ல என்ன எழுதணும்னா, "மைலாய்டு சார்கோமா"ன்னு மேல, அடுத்து மோனோசைட்டிக்கா, கிரானுலோசைட்டிக்கா, வெறும் பிளாஸ்ட் வகையான்னு, அப்புறம் எந்தெந்த மார்க்கர் எப்படி பிடிச்சுதுன்னு நெகட்டிவும் சேத்து, அடுத்து மஜ்ஜை, கேரியோடைப், என்ஜிஎஸ் வேணும்னு. பிரிண்ட் எடுத்ததோட நிறுத்தாம கிளினிஷியனுக்கு போன் போட்டு வாயால சொல்லுங்க. சர்ஜரி ஓபில அந்தப் பேப்பர் மூணு வாரம் ஃபைல்லயே தூங்கும், அவங்க அடுத்த விசிட்ல பாக்கும்போது பேஷண்ட் ஐசியூல இருப்பாரு.

கடைசியா ஒரு வேல, யாரும் செய்யறதில்ல. புதுசா ஏஎம்எல்னு ஒருத்தர் அட்மிட் ஆனா, ரெண்டு வருஷத்துக்குள்ள எங்கயாவது கட்டி எடுத்தாங்களான்னு கேளுங்க. எடுத்திருந்தா அந்த பிளாக்க, வேற ஆஸ்பத்திரில இருந்தாலும், லெட்டர் எழுதிக் குடுத்து வீட்டுக்காரங்க மூலமா வரவழைச்சு ஒரு எம்பிஓ, ஒரு சிடி117 போடுங்க. "ஹை கிரேட் லிம்போமா"ன்னு எழுதி வெச்சிருப்பாங்க, ஸ்லைடு பழுப்பா வரும்.